பதினேழு ஓட்டங்களில் இல்லாத பெண்

செவ்வலூரை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தோம். தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று முறை ஊர் செத்துப்போனது. பதினேழு முறை பிழைத்துக்கொண்டது. அந்தப் பதினேழிலும் தினமும் தண்ணீர் வந்தது. மூடிக் கிடக்கும் நான்கு ஆலைகளில் இரண்டு திறந்தன. பிழைப்புக்காகச் சென்னைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தார்கள். செவ்வலூரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை! திரையில் அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கலங்கியது உண்மை.

நான் தளவாய். செவ்வலூர் மாநகராட்சியின் புள்ளிவிவரப் பிரிவு அலுவலர். பிரிவு என்றால் நானும் ஒரு மின்விசிறியும். இந்தக் கதையில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தப்பு எங்கே தொடங்கியது என்பது மட்டும் தெரியும். என் மேஜையில்தான்.

அந்த வருடம் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. நலிந்துபோன ஒவ்வொரு மாநகராட்சியும் தன்னைப் போலவே ஒரு நிழல் நகரத்தைக் கணினிக்குள் செய்துகொள்ள வேண்டும். ஊரில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் இருப்பார்கள். அதை இருபது வருடம் முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழைக்க ஒரு வழியாவது தெரிந்தால் மறுமலர்ச்சித் திட்டம் கிடைக்கும். தெரியாவிட்டால் ஊரைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்த்துவிடுவார்கள்.

எங்களுக்குப் பக்கத்து மாநகராட்சி மேலக்கோட்டை. வேறு எந்த ஊராக இருந்தாலும் சேர்ந்திருப்போம். பூண்டு தட்டிப் போடும் எங்கள் காரச்சேவை ‘மேலக்கோட்டை காரச்சேவு’ என்று பாக்கெட் போட்டு விற்கிற ஊர் அது. ‘செவ்வலூரா, அங்கே இன்னும் ஆள் இருக்காங்களா?’ என்று கேட்கிற ஊர். ஆலைகள் மூடி முப்பது வருடம் ஆன பிறகும் நாங்கள் காலை எட்டு மணிக்கு மாநகராட்சிக் கட்டடத்தில் ஆலைச் சங்கை ஒலிபெருக்கியில் ஊதிக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போக ஆள் இல்லாவிட்டாலும் சங்கு ஊத வேண்டும். அப்படிப்பட்ட ரோஷம் எங்களுக்கு.

அதனால் பதினேழு என்ற எண் வந்ததும் மேயர் திலகராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நிழல் நகரத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் நஸ்ரின் மட்டும் சந்தோஷப்படாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பதினேழுக்கும் பொதுவா என்னம்மா இருக்கு? ஆலையா? பைபாஸா? அதச் சொல்லு, அதையே செஞ்சுருவோம்” என்றார் மேயர்.

“ஆலை எல்லாம் அப்புறம்தான் வருது மேடம். மொதல்ல ஒரே ஒரு விஷயம்தான் பொதுவா இருக்கு.” நஸ்ரின் என்னைப் பார்த்தாள். “ஒரு ஆள் இல்ல.”

“இல்லன்னா?”

“ஒவ்வொரு ஓட்டத்துலயும் கொஞ்சம் பேர் ஊர விட்டுப் போவாங்க, கொஞ்சம் பேர் வருவாங்க. அது குலுக்கிப் போடுற மாதிரிதான். இந்தப் பதினேழுலயும் ஒருத்தங்க மொத வருஷமே போயிட்டாங்க. மத்த எல்லாத்துலயும் அவங்க ஊர்லயே இருக்காங்க. ஊரும் படுத்துருது.”

“யாரு அது? ரௌடியா?”

“பரிபூரணம். வயசு அம்பத்தி மூணு. இருபத்தாறாம் வார்டு.”

மேயர் சிரித்துவிட்டார். நானும்தான் சிரித்தேன். பரிபூரணத்தக்காவை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? திங்கள்கிழமை மனு நாள். அன்றைக்கு மாநகராட்சி வாசலில், வாகை மரத்தடியில் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டாம் ஆலையில் தட்டச்சராக இருந்தவர். ஆலை போய்ச் சில வருடம் கழித்து மனு எழுத வந்தார். எழுதத் தெரியாதவர்கள், எழுதத் தெரிந்தும் எப்படிச் சொல்வது என்று தெரியாதவர்கள் எல்லாம் அவரிடம்தான் போவார்கள். ஒரே பக்கம். கெஞ்சல் இருக்காது, வசவும் இருக்காது. தேதி இருக்கும், கம்பத்தின் எண் இருக்கும், எந்த அலுவலர் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பதும் இருக்கும். அவர் எழுதிய மனு வந்தால் பொறியியல் பிரிவில் ஆளாளுக்குக் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள்.

“அவுக போனா ஊரு ஏன் பொழைக்குது?” என்று மேயர் கேட்டார்.

“அத நிழல் சொல்லாது மேடம். என்ன நடந்துச்சுன்னு காட்டும், ஏன்னு காட்டாது.”

“நீ படிச்ச பிள்ளைதான? நீ சொல்லு.”

“எனக்கும் வெளங்கல மேடம்.”

மேயர் கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டினார். “ஒருவேள மனு மேல மனுவா எழுதி நம்மள ஒரு வேலையும் ஓட விடலியோ என்னவோ” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் அதை விஞ்ஞானம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஊரே இரண்டாகப் பிரிந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒவ்வொரு ஆளும் இரண்டாகப் பிரிந்தார். என் தெருவில் ஆட்டோ ஓட்டும் முத்தையா காலையில் “ஒரு பொம்பளையத் தொரத்தித்தான் இந்த ஊரு வாழணுமாக்கும், தூ” என்றார். சாயங்காலம் அவரே, “சும்மாவா போகச் சொல்றோம்? மரியாதையாத்தான அனுப்பப் போறோம்?” என்றார். மாமன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, இன்றைக்கு அவர் என்றால் நாளைக்கு யார் என்று கேட்டார். கைதட்டினார்கள். அடுத்தவர் எழுந்து, ‘மேலக்கோட்டை மாநகராட்சி, தெற்கு மண்டலம்’ என்று உங்கள் வீட்டு வரி ரசீதில் அச்சடித்து வந்தால் கையில் வாங்குவீர்களா என்று கேட்டார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். இரண்டுக்கும் தட்டியது ஒரே கைகள்தான். என் கையும் சேர்த்தி.

வேடிக்கை என்னவென்றால் யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குத் திட்டியிருப்பார். எல்லோரும் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். அவர் பயந்துபோனது அதைப் பார்த்துத்தான்.

அந்த வாரம் மனுக்கட்டோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி தளவாய், இந்த ஊருக்கு நா என்னய்யா பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலக்கா.”

“பின்ன எதுக்கு என்னயப் பாத்து எல்லாரும் கும்புடுறாக? எழவு வீட்டுல பாக்குற மாதிரில பாக்குறாக.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“நா போகலன்னா என்ன ஆகும்?” என்றார்.

“மேலக்கோட்டையோட சேத்துருவாங்க.”

அவர் முகம் சுருங்கியது. மேலக்கோட்டையில் அவருடைய கணவர் வேறொரு குடும்பத்தோடு இருபது வருடமாக இருக்கிறார். “அந்த ஊரு பேரையா நா முகவரில எழுதணும்?” என்று முணுமுணுத்தார். பிறகு மனுக்கட்டைத் தட்டி நேராக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த திங்கள்கிழமை பரிபூரணத்தக்கா தன் பெயரில் ஒரு மனு கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தனக்காக எழுதிய முதல் மனு. மூன்றே வரி. ‘ஊர் நன்மைக்காக நான் ஊரை விட்டுச் செல்லச் சம்மதிக்கிறேன். நான் செல்ல வேண்டிய காரணம் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

முதல் வரியை மேயர் மைக்கில் வாசித்தார். மற்ற இரண்டு வரியும் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற முத்திரையோடு என் மேஜைக்கு வந்தன. மனுவுக்கு முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான், அதனால் மட்டும்தான், நான் நிழலுக்குள் போய்ப் பார்த்தேன். அந்த மனு வராமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஒவ்வொரு ஆளைப் பற்றியும் நிழலுக்கு என்ன தெரியும் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். என்னுடையது அரைப்பக்கம் வந்தது. மேயருடையது இரண்டு பக்கம். பரிபூரணத்தின் பட்டியல் வந்துகொண்டே இருந்தது. தாள் தீர்ந்து, வேறு கட்டுப் பிரித்துப் போட்டேன்.

அவருக்குக் குடிதண்ணீர் மூவாயிரத்துச் சொச்சம் முறை வரவில்லை. முப்பத்தெட்டு வார்டிலும் அவர் வீட்டு வாசலில் விளக்கு எரியவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பது முறை முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. அரசு மருத்துவமனையில் ஒரே மாதத்தில் ஐந்து குழந்தை பெற்று, ஐந்துக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்திருந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு முறை அவர் கணவர் இறந்திருந்தார்.

தாள்களை வைத்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு உறைத்தது.

மனுப் படிவத்தில் கைப்பேசி எண் எழுதப் பத்துக் கட்டங்கள் உண்டு. எண் எழுதாத மனுவை இயந்திரம் ஏற்காது. எங்கள் ஊரில் மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கைப்பேசி கிடையாது. இருந்தாலும் அது மகனிடம் இருக்கும், இல்லை ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும். “ஓங்க நம்பரையே போட்ருங்க தாயி, பதில் வந்தா நீங்கதான சொல்லுவீக” என்பார்கள். அவரும் போட்டுவிடுவார். பதில் வந்தால் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

நிழலைச் செய்தபோது ஊர்க் குறைகளைப் பற்றி எங்களிடம் வேறு கணக்கெடுப்பு எதுவும் இல்லை. மனுக்கள்தான் இருந்தன. பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததால், ‘கைப்பேசி எண்ணே ஆளின் அடையாளம்’ என்று ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குறிப்பை எழுதிய அன்றைக்கு ரொம்பப் பெருமையாகவும் இருந்தேன்.

நஸ்ரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தாள்களை அப்படியே தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

“இப்பப் புரியுது சார். நிழல்ல கஷ்டப்படுற ஆளு பக்கத்துல கடை வராது. அவங்க இருக்குற தெருவ விட்டு மத்தவங்க மெல்ல காலி பண்ணுவாங்க. அது நெசத்துலயும் நடக்குறதுதான். ஆனா இவங்க ஒரே நேரத்துல எல்லாத் தெருவுலயும் இருக்காங்க. பதினோராயிரம் பேரோட கஷ்டம் ஒரு ஆள்கிட்ட.”

“அவுக போனா?”

“அவ்வளவும் கூடவே போயிரும். ஊரே சுத்தமாயிரும்.”

“சரி, தப்பு என்னோடது. கஷ்டத்த அவங்கவங்க பேருக்கு மாத்திட்டு மறுபடியும் ஓட்டும்மா.”

இரண்டு நாள் மாற்றினோம். மூன்றாம் நாள் ஓட்டினோம். முடிவு வர நான்கு மணி நேரம் ஆனது. நான் டீ வாங்கி வந்தபோது அவள் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எத்தன?” என்றேன்.

“ஒண்ணுகூட இல்ல சார். ஆயிரத்துல ஒண்ணுகூட இல்ல.”

மேயரிடம் போனேன். பதினேழு ஓட்டங்களின் முடிவு ஏற்கெனவே தலைமைச் செயலகம் போய்விட்டது. திட்டத்துக்கான ஆணையும் வந்துவிட்டது, ஒரே நிபந்தனையோடு: குறிப்பிட்ட நபர் வெளியேறியதற்கான சான்று. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“நஸ்ரினுக்கு.”

“தளவாய், எங்கப்பா மூணாம் ஆலையில ஸ்பின்னிங்ல இருந்தாரு. ஆலைய மூடின அன்னைக்கு டிபன்பாக்ஸத் தொறக்காமலே திரும்பக் கொண்டாந்தாரு. சாகுற வரைக்கும் செவ்வலூர்க்காரன்னுதான் சொல்லிக்கிட்டாரு. எனக்கு இந்த ஊரு பேரு வேணும். காரணம் பொய்யாவே இருக்கட்டும். பைப்பு நெசமாத்தான வரும்? சொல்லுங்க, வருமா வராதா?”

“வரும் மேடம்.”

“தப்பத் திருத்தினா?”

“வராது.”

“அப்ப நா என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.”

நான் என்ன சொல்வது? இந்தக் கேள்விக்கு ஒரு புத்திசாலி சட்டென்று பதில் சொல்லியிருப்பான். நல்லவனும் சொல்லியிருப்பான். நான் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் இருபத்தாறாம் வார்டுக்குப் போனேன். பரிபூரணத்தக்கா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவு. மனுவுக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். “எம்புருஷன் ஒரு தடவகூடச் சாகலியேய்யா! மேலக்கோட்டைல வேட்டி மடிப்புக் கலையாம நல்லாத்தான திரியுறான்!”

சிரித்து முடித்ததும் ஒரு பாத்திரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

“கஷ்டத்தச் சொன்னவளையே கஷ்டம்னு நெனச்சுப்புட்டீகளா?” என்றார். ‘நெனச்சுருச்சா’ என்று கேட்டிருந்தால் இயந்திரத்தின் மேல் போட்டிருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை.

“தப்பு என்னோடதுக்கா.”

“சரி. அதுக்கு வேண்டியது இந்த நம்பருதான? இந்த போன மட்டும் எந்தங்கச்சிக்கு அனுப்பிட்டு நா இங்கயே இருந்தா ஆகாதா?”

நானும் அதை யோசித்திருந்தேன். “வேற நம்பர் வாங்குவீங்க. திங்கக்கிழம யாராவது வந்து நிப்பாங்க. எழுதாம இருப்பீங்களாக்கா?”

அவர் யோசித்தார். சும்மா யோசிக்கவில்லை, உண்மையிலேயே தன்னால் முடியுமா என்று பார்த்தார்.

“இருக்க மாட்டேன்” என்றார். “வந்து நின்னா எப்புடிய்யா எழுதாம இருக்க?”

அட்டைப்பெட்டிக்கு மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினார். “நா போனா தண்ணி வருமா?”

“வரும்னு நெனைக்கேன். எல்லாருக்குமான்னு தெரியல.”

“கொஞ்சப் பேருக்காச்சும் வரட்டும். சரி, இவ்வளவும் வாயால சொல்லிட்டீக. நா கேட்டது எழுத்துல. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க.”

பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து முத்திரை வைத்துக் கொண்டுவந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ இதே வரியை அவர் பதினோராயிரம் பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பார். கடிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. காபி கொடுத்தார். அந்தக் காபியை நான் குடித்தேன், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

மறுவாரம் பாராட்டு விழா. உலகத்தில் வேறு எங்கேயாவது ஓர் ஆளை ஊரை விட்டு அனுப்ப மேடை போட்டிருப்பார்களா, தெரியாது. நாங்கள் போட்டோம். ஃப்ளெக்ஸ் கடை மாடசாமி மூன்று நாள் முன்பே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, “நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க, ரேஷன் கார்டுல சிடுசிடுன்னு இருக்கீக” என்று கேட்டு வாங்கி வந்திருந்தார். இருபதடி உயரத்தில் பரிபூரணத்தக்கா சிரித்தார். கீழே ‘ஊருக்காகத் தன்னைத் தந்த தியாகச் சுடரே!’ என்ற வாசகம். அதற்குக் கீழே மேயர் முதல் நன்கொடை கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் எல்லோருடைய முகங்களும். மொத்தம் பதினாறு பொன்னாடை. போர்த்தப் போர்த்த அவர் சின்னதாகிக்கொண்டே போனார்.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். மைக்கைப் பிடித்து ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். “மாசிலாமணித் தெருவுல பதினாலாம் நம்பர் கம்பத்துல லைட் எரியல. பாத்துக்கங்க” என்றார். இறங்கிவிட்டார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. மாலை கட்டிய பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். ஊர் எல்லை வளைவைத் தாண்டியதும் நஸ்ரினின் திரையில் ஒரு புள்ளி அணைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை ரொம்பக் குழப்புகிறது. ஊர் நன்றாகத்தான் ஆனது. புதுக் குழாய் வந்தது. இரண்டாம் ஆலையில் பேட்டரி உறை செய்யும் கம்பெனி வந்தது. காலைச் சங்குக்கு உண்மையாகவே நானூறு பேர் வேலைக்குக் கிளம்பினார்கள். என் வீட்டில் தினமும் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் நான் குற்ற உணர்ச்சி கொண்டேன். மேலக்கோட்டைக்காரர்கள் வந்து எங்கள் புதுப் பேருந்து நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டபோது எனக்கு மார்பு விரிந்தது. பொய்யிலிருந்து இவ்வளவும் வருமா? வந்ததே!

திங்கள்கிழமைகளில் மனுப் பிரிவுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஊழியர்கள் தூங்கினார்கள். வாகை மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேர் கல்யாண ஜாதகம் எழுதப் போய்விட்டார்கள். மனு எழுதியவருக்கு ஊர் என்ன செய்தது என்று அவர்களும்தான் பார்த்தார்களே. மாதக் கடைசியில் ‘குறைகள்: இல்லை’ என்று அறிக்கை போகும். மேயர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

எட்டாம் மாதம் ஒரு திங்கள்கிழமை, முப்பத்தெட்டாம் வார்டு ஆறுமுகத்தாய் என்ற அம்மாள் வெற்றுப் படிவத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், பைப்பு எங்க தெரு மொனையோட நின்னுபோச்சு. ஆறு மாசமாச்சு. பரிபூரணம்மா நம்பருக்குப் போட்டா எடுக்க மாட்டேங்குது.”

“மனுப் பிரிவுல குடுங்கம்மா.”

“நம்பர் இல்லாம வாங்க மாட்டாகளாம்.”

பத்துக் கட்டங்களும் காலியாக இருந்தன. கதவைப் பார்த்தேன், யாரும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, தெரு முனையிலிருந்து வீட்டுக்கு எத்தனை அடி, திருப்பி அனுப்பியவர் பெயர். கட்டங்களில் என் எண்ணை எழுதினேன். ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த திங்கள்கிழமை ஏழு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வரிசை மாடிப்படி வரை போனது. வந்து நின்றால் எப்படி எழுதாமல் இருப்பது?

வருட முடிவில் நிழலை மறுபடியும் ஓட்ட வேண்டும் என்பது விதி. ஆள் அடையாளத்துக்கு என் பழைய குறிப்புதான் இன்னும் அமலில் இருந்தது. நேற்று நஸ்ரின் பேசினாள்.

“சார், ஓட்டம் முடிஞ்சுது. ஆயிரத்துல எழுபதுதான் பொழைக்குது. அஞ்சு மாசம் முன்னாடி ஓட்டிப் பாத்தப்ப எண்ணூறு இருந்துச்சு.”

“எழுபதுலயும் பொதுவா யாரு இல்ல?”

“மேயருக்கு அறிக்கை போயிருச்சு சார்” என்று மட்டும் சொன்னாள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுபோல் ஒரு மூச்சு கேட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்.

இன்று காலை பத்தரைக்கு ஃப்ளெக்ஸ் கடை மாடசாமி என் அறைக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

“சார், ஒங்க நல்ல போட்டோ ஒண்ணு வேணும். அடையாள அட்டைல தூங்கி வழியுறீக.”

நான் அவரை உட்காரச் சொன்னேன். உட்கார மறுத்தார். வற்புறுத்தி உட்கார வைத்தேன்.

“மாடசாமி, உங்க வீட்டுக்குத் தண்ணி வருதா?”

“அத ஏன் சார் கேக்கீக. பன்னெண்டு நாளா வரல. வால்வு போச்சுங்கான், ஆளு வரலங்கான். பொம்பளைங்க கொடத்தத் தூக்கிட்டு அலையுறாக.”

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தேன். எழுதினேன். பன்னிரண்டு நாள், வால்வு, யார் என்ன சொன்னார்கள் எல்லாம். மூன்று நிமிட வேலை. கையெழுத்துப் போட்டார். கீழே இருந்த கட்டங்களைக் காட்டிப் பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

“இதுல உங்க நம்பர எழுதுங்க.”

“ஒங்க நம்பரயே போட்ருங்களேன் சார். எல்லாருக்கும் அப்புடித்தான போடுறீக.”

“இனிமே இல்ல. தண்ணி வராதது உங்களுக்குத்தான?”

அவர் பேனாவைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வாகை மரத்துக்குப் பக்கத்தில் மேடைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எழுதிருவேன் சார்” என்றார் மெதுவாக. “அப்புறம் எனக்கு யாரு ஃப்ளெக்ஸ் அடிப்பா?”

மாடிப்படியில் வரிசை பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாடசாமி முதல் கட்டத்தில் ஒன்பது என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.